இரண்டு மனுக்களில் ஓர் அக்கா

1

செல்வி தன் அம்மாவை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொள்ள மனு அனுப்பி இந்தத் திங்கட்கிழமையோடு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அன்றும் இதே போலப் பனி. தபால் நிலையத்தில் எங்களுக்கு முன்னால் நான்கு பேர் நின்றார்கள். உறையை எடை போட்ட பெண் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டாள். அம்மாவின் காகிதங்கள் என்று சொல்ல வந்த செல்வி, ஆங்கிலத்தில் தடுமாறி, "என் அம்மா" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் ஒரு நொடி உறையைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினாள்.

நான் இந்த மாதிரி விஷயங்களைக் குறித்து வைப்பவன். இந்த ஊரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் எனக்கு ஆய்வக வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தண்ணீரைச் சோதித்து நேரத்தோடு பதிவேட்டில் எழுத வேண்டும். வீட்டிலும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. அலமாரியில் பத்தொன்பது நாட்குறிப்புகள் இருக்கின்றன. ஓய்வு கிடைத்தால் பழைய கல்வெட்டுத் தொகுதிகளைப் படிப்பேன். தானம் கொடுத்தவன் யார், யாருடைய மகன், எந்தக் கிழமை, எந்த நட்சத்திரம் என்று எல்லாவற்றையும் வெட்டி வைத்தவர்கள்மேல் எனக்கு ஒரு பொறாமை உண்டு. ஆனால் இந்தக் குறிப்புகளில் தேதி வராது, மனு எண்ணும் வராது. எங்கள் வழக்கறிஞர் வேண்டாம் என்றிருக்கிறார். கிழமையையும் மாதத்தையும் மட்டும் தருகிறேன்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறவர்கள், "அக்காவ இன்னும் கூட்டினு போகலியா?" என்று கேட்கிறார்கள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அவர்களுக்கு நான் சொல்லாமல் விட்ட பதில் இது.

2

அக்கா அலமேலு என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். செல்வி அவளுடைய ஒரே மகள். அந்தச் செல்வியைத்தான் நான் கட்டிக்கொண்டேன். அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது திருவண்ணாமலைப் பக்கத்தில் ஒரு செய்தியே இல்லை. செல்வி பிறந்தபோது எனக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த என்னைப் பார்த்து அக்கா, "டேய், உன் பொண்டாட்டி வந்திருக்கா, கை கழுவினு வந்து தொடு" என்றாளாம். பிறகு கல்யாணம் நடந்தபோது பெண் வீட்டிலும் அவளே நின்றாள், பிள்ளை வீட்டிலும் அவளே நின்றாள். "சம்பந்தி சண்டை போடக்கூட ஆள் இல்லாத கல்யாணம்டா இது" என்று மாமா, அதாவது அக்காவின் கணவர், வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

வேலை கிடைத்து இங்கே வந்தபோதும், பிறகு நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டபோதும், நான் நிரப்பிய படிவங்களில் மனைவியின் பெயர், பிறந்த ஊர், கல்யாணமான நாள் எல்லாம் கேட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் உனக்கு என்ன உறவு என்று எந்தக் கட்டத்திலும் கேட்கவில்லை. நான் எதையும் மறைக்கவில்லை. எழுத இடம் இல்லை, எழுதவில்லை, அவ்வளவுதான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மாதம் மாமா இறந்தார். அடி அண்ணாமலை வீட்டில் அக்கா தனியாளானாள். அடுத்த ஆண்டே அவளுக்குக் கண்ணில் நீர் அழுத்தம் என்று வேலூரில் சொன்னார்கள். போன பார்வை திரும்பாது, இருக்கிற பார்வையை வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்ற வேண்டும், கூட ஓர் ஆள் இருப்பது நல்லது என்றார் மருத்துவர். கிரிவலப் பாதையில்தான் வீடு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் கால் வைக்க இடம் இருக்காது. முன்பெல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர்களிடம் எந்த ஊர் என்று விசாரிப்பாள். அந்த ஆண்டிலிருந்து கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தாள். போனில் காரணம் கேட்டேன்.

"தல தலயா போவுதுடா. ஒண்ணுத்துக்கும் மூஞ்சி இல்ல."

முழுக்க இருட்டுவதற்குள் அவளை அவள் மகளிடம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். எங்களுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

3

தவறு என்னுடையது.

குடியுரிமை எனக்கு முதலில் கிடைத்தது. செல்வி நேர்காணலில் ஆங்கிலத்தில் பதில் சொல்லப் பயந்து பல ஆண்டுகள் தள்ளிப்போட்டாள். "இன்னொரு வருஷம் போகட்டும் மாமா, கொஞ்சம் பேசப் பழகிக்கறேன்" என்பாள். நான் குடியுரிமை பெற்ற அதே வாரத்தில், உடன்பிறந்தவள் என்ற முறையில் அக்காவுக்கு ஒரு மனுப் போட்டேன். அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளுக்கான வரிசை பத்து ஆண்டுக்கும் மேலே நீளும். நீளட்டும், வரிசையில் ஓர் இடம் பிடித்து வைப்போம் என்று நினைத்தேன். அக்காவின் ஐந்தாம் வகுப்புப் பள்ளிச் சான்றையும் என்னுடையதையும் இணைத்தேன். இரண்டிலும் தகப்பனார் பெயர் ஏழுமலை.

பிறகு செல்வியும் நேர்காணலில் தேறிக் குடியுரிமை பெற்றாள். பெற்ற தாய்க்கு மகள் மனுப் போட்டால் அந்த நீண்ட வரிசை கிடையாது. உடனே நானே உட்கார்ந்து அவளுக்காகப் படிவம் நிரப்பினேன். செல்வியின் பிறப்புச் சான்றில் தாயார் பெயர் அலமேலு. கல்யாணத்துக்குப் பிறகு அவள் பெயரோடு என் பெயர் சேர்ந்துகொண்டதால் எங்கள் திருமணச் சான்றும் தேவைப்பட்டது. வண்ணத் தாள்களால் பிரித்து, பொருளடக்கம் எழுதி, பக்க எண் போட்டு வைத்தேன். இவ்வளவு ஒழுங்கான கோப்பைத் தான் பார்த்ததில்லை என்றாள் என்னோடு வேலை செய்யும் ஒருத்தி.

இரண்டு உறைகளிலும் ஒரே பெண். ஒன்றில் என் அக்கா, இன்னொன்றில் என் மாமியார். இரண்டும் உண்மை. ஒரு முறைகூட எனக்கு இது உறுத்தவில்லை என்பதை இப்போது நம்புவது கடினம். தண்ணீரில் ஓர் எண் புள்ளிக்குப் பின்னால் மாறினாலும் கண்டுபிடிப்பவன் நான். இதைப் பார்க்கவில்லை. நாற்பத்தைந்து ஆண்டுகளாக அக்கா மகள் என்பதும் கட்டிக்கொள்கிற பெண் என்பதும் எனக்கு ஒரே மூச்சில் வந்து பழகியவை. எங்கள் பக்கத்தில் பிறக்காத எவனும் முதல் பார்வையிலேயே கையை உயர்த்தியிருப்பான்.

4

சென்ற ஆனியில் எங்கள் மகள் ஆதிரை பள்ளிப் படிப்பை முடித்தாள். மனு எப்போது முடியுமோ தெரியவில்லை, அந்த விழாவுக்காவது அக்கா ஒரு மாதம் வந்துவிட்டுப் போகட்டும் என்று பார்வையாளர் விசாவுக்கு விண்ணப்பித்தோம். குடியேற்ற மனு நிலுவையில் இருக்கிறதா என்று படிவம் கேட்கும், ஆம் என்றுதான் சொல்ல வேண்டும், அப்படிச் சொன்னவர் திரும்பிப் போவார் என்று அவர்களை நம்பவைப்பது கடினம் என்று வழக்கறிஞர் முன்பே எச்சரித்தார். செல்வி ஊருக்குப் போய் அக்காவைச் சென்னையில் துணைத் தூதரகத்துக்கு அழைத்துச் சென்றாள். உள்ளே செல்வியை விடவில்லை. அக்கா தனியாகப் போய்விட்டு வந்தாள். சாயங்காலம் போனில் அவளே சொன்னாள்.

"கண்ணாடிக்கு அந்தாண்ட ஒரு வெள்ளக்காரப் பையன்டா. பக்கத்துல ஒரு தமிழ்ப் பொண்ணு நின்னு எடுத்துச் சொல்லுச்சு. யாரப் பாக்கப் போறீங்கன்னான். பொண்ணன்னேன். பொண்ணு யார்கூட இருக்குதுன்னான். என் தம்பிகூடன்னேன்."

"மருமகன்னு சொல்லக் கூடாதாக்கா?"

"அது அவன் கேக்கும்போது சொன்னேன். மருமகன் எங்க இருக்காருன்னான். அவனும் அதே வூட்லதான்னேன். அப்ப அந்த வூட்ல எத்தினி ஆம்பளன்னான். ஒருத்தன்தான்னேன்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

"அந்தப் பொண்ணு எடுத்துச் சொல்றத நிறுத்திட்டு என்னயே பாத்துச்சு. நம்ம பக்கத்துப் பொண்ணு போல, அதுக்குப் புரிஞ்சுடுச்சு. ஆனா அத்த இங்கிலீஷ்ல எப்பிடிச் சொல்றதுன்னு முழிக்குது, பாவம். அந்தப் பையன் ரொம்ப நேரம் டொக்கு டொக்குனு தட்டிக்கினே இருந்தான்."

விசா கிடைக்கவில்லை. திரும்பிப் போவார் என்ற நம்பிக்கை இல்லை என்று அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்திருந்தார்கள். விழாவன்று செல்வி போனைத் தூக்கிப் பிடித்து அக்காவுக்குக் காட்டினாள்.

"எதுடி ஆதிர? அந்தக் கறுப்பு அங்கியா?"

"எல்லாருமே கறுப்பு அங்கிதாம்மா."

"சரி, எல்லாரும் நல்லா இருக்கட்டும்" என்றாள் அக்கா.

5

ஆவணியில், ஒரு வியாழக்கிழமை, அறிவிப்பு வந்தது. வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை எட்டாம் வகுப்பிலிருந்தே ஆதிரைதான் பிரிப்பாள். எங்களைவிட வேகமாகப் படித்து, முக்கியமா இல்லையா என்று சொல்லிவிடுவாள். அன்று நின்றுகொண்டே படித்தவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

மனுதாரரின் கணவரும் இந்தப் பெண்ணும் உடன்பிறந்தவர்கள் என்று வேறொரு கோப்பில் இருக்கிறது. மனுதாரருக்கும் அவர் கணவருக்கும் திருமணத்துக்கு முன்பிருந்த உறவு என்ன என்பதை ஆவணங்களோடு விளக்க வேண்டும். மூன்று மாத அவகாசம். இதுதான் கடிதம்.

"அப்பா, ஆயா உங்க ரியல் அக்காவா?"

"ஆமாம்மா."

"கடைக்காரங்களையும் அக்கான்னுதானே கூப்பிடுவீங்க. அந்த மாதிரின்னு நெனச்சேன்."

"இல்ல. கூடப் பொறந்த அக்கா."

அவள் கணக்கில் கெட்டிக்காரி. "அப்போ அம்மா உங்க நீஸ்" என்றாள். பிறகு, "ஊர்ல எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டாள்.

"எல்லாருக்கும் தெரியும். அது அங்க ஒண்ணும் இல்லம்மா."

"ஓகே. எனக்கு மட்டும் தெரியாது."

கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்தாள். அடுத்த வாரம் அவளைக் கல்லூரி விடுதியில் விடப் போனோம். வழியில் ஒரு மருத்துவப் படிவத்தை மடியில் வைத்து நிரப்பிக்கொண்டு வந்தவள், குடும்ப வரலாறு என்ற பக்கத்தில் நிறுத்தி, "இதுல என்ன எழுதட்டும்?" என்றாள். நான் காரை வலது தடத்துக்கு மாற்றினேன். அவள் அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுத் திருப்பினாள். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவள் அம்மாவின் போனுக்குத்தான் கூப்பிடுகிறாள். நாட்குறிப்பைப் பார்த்துச் சொல்கிறேன், என் போனுக்கு ஒரு முறை வந்தது, அதுவும் கார் காப்பீட்டு எண் கேட்டு.

வழக்கறிஞர் பொறுமையான பெண்மணி. முழுவதையும் கேட்டுவிட்டு, இந்த மாநிலத்தில் அப்படி ஒரு திருமணத்தைச் செய்ய முடியாது என்றார். உங்கள் நாட்டுச் சட்டப்படி செய்ததை இங்கே ஏற்பார்களா என்பது வாதிட வேண்டிய விஷயம். உங்கள் மனைவி இந்த நாட்டுக்கு வந்ததும் தங்கியதும் குடியுரிமை பெற்றதும் உங்கள் மனைவி என்பதால்தான். அந்த அடிக்கல்லை அவர்கள் தோண்டிப் பார்ப்பார்களா என்று எனக்குத் தெரியாது. மண்வெட்டியை நாமே எடுத்துக் கொடுக்க வேண்டுமா என்று யோசியுங்கள். உண்மையைச் சொல்லிப் பதில் எழுதலாம், அல்லது மனுவைத் திரும்பப் பெறலாம். மூன்றாவது வழி கிடையாது என்று முடித்தார்.

நான் மூன்றாவது வழியைத் தேடிக்கொண்டு புரட்டாசியில் ஊருக்குப் போனேன்.

6

வேங்கிக்காலில், ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிர் வரிசையில், பாபு என்பவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். படிவம் நிரப்புவதும் பத்திரம் எழுதிக் கொடுப்பதும் அவருடைய தொழில். நான் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வழி கிடைத்துவிட்டது.

"இதுக்குப் போயி ஏன் சார் டென்ஷன் ஆவுறீங்க? நம்ம ஊர்ல பெரியப்பா பொண்ணும் அக்காதான? அவங்க உங்க பெரியப்பா பொண்ணுன்னு எழுதிடலாம். தெரியாம சிஸ்டர்னு போட்டுட்டேன்னு சொல்லிக்கிங்க."

"ஸ்கூல் சர்டிபிகேட்ல எங்கப்பா பேர் இருக்குதே."

"பெரியப்பா செத்துட்டாரு. சித்தப்பா எடுத்து வளத்தாரு. ஸ்கூல்ல சேக்கும்போது அவரு பேரக் குடுத்துட்டாங்க. எத்தினி வூட்ல நடக்குது சார்? பெரியப்பா இருந்தாரா இல்லையா?"

இருந்தார். முனுசாமி என்று பெயர். பிள்ளை இல்லாமல் செத்துப்போனவர். பெரியப்பா மகளின் மகளைக் கட்டியவனை அமெரிக்காவில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று நானே படித்து வைத்திருந்தேன். பொய் உண்மையைவிட ஒழுங்காக இருந்தது. அதற்கும் பொருளடக்கம் எழுதலாம் போல. முத்திரைத் தாளில் தட்டச்சாகி வந்ததும் நான் போட வேண்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். புதன்கிழமை, பதினொன்றே முக்கால் மணி.

அக்கா வீட்டுக்குள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கையால் தடவித் தடவிக் காம்பைத் தனியே எடுத்தாள். தாளை நீட்டினேன்.

"எனக்கு இன்னா தெரியுது? நீயே படி."

"'காலஞ்சென்ற முனுசாமியின் மகள் அலமேலு ஆகிய நான்...'"

"யாரு மவ?"

"முனுசாமி. பெரியப்பா."

கை நின்றது. "அந்தாளு எனக்கு ஒரு முட்டாய் வாங்கிக் குடுத்திருப்பானாடா?"

"எழுத்துலதாங்க்கா. காகிதத்துக்காக." பாபு சொன்ன காரணத்தை நான் அப்படியே திருப்பிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

"சரி, நீ யார் மவன்? உனக்கும் பெரியப்பாதானா?"

"இல்ல. நான் அப்பா மவன்தான்."

"அப்ப அப்பாவ நீ வெச்சுக்கினு எனக்குப் பெரியப்பாவக் குடுத்துட்ட."

கேலி செய்கிற குரலில்தான் சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

"நீ கையெழுத்து போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"நீ போட்டுட்டு வந்துதான் எனக்குப் படிச்சுக் காட்டறியா?"

வாசலில் ஓர் ஆட்டோ நின்று, யாரையோ ஏற்றிக்கொண்டு போனது.

"இத்த போட்டா எம்பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாதே?"

"ஆகாது. உன்னையும் கூட்டினு போயிடலாம்."

"என்ன வுடு. அவளுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

"ஆகாதுக்கா."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். "எங்க போடணுமோ அங்க என் வெரல வெய்யி."

வைத்தேன். விரல் இருந்த இடத்தில் பேனாவை ஊன்றி, ஒவ்வொரு எழுத்தாக, அலமேலு என்று எழுதினாள். எழுத்துகள் கோட்டை விட்டு மேலே ஏறி என் கையெழுத்தின்மேல் போய் நின்றன. பிறகு கீரையை எடுத்துக்கொண்டாள். ராத்திரிக்கு அடை போடட்டுமா என்று கேட்டாள்.

7

ஐப்பசி பிறந்ததும் திரும்பி வந்து அந்தத் தாளைச் செல்வியிடம் கொடுத்தேன். அவள் சமையலறை விளக்கின் கீழ் நின்று இரண்டு முறை படித்தாள்.

"தாத்தாவ எடுத்துட்டீங்களா?"

"வேற வழி இல்ல செல்வி."

"அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினீங்களா?"

"காட்டினேன்."

"இன்னா சொன்னாங்க?"

சொன்னேன். அப்பாவை நீ வைத்துக்கொண்டாய் என்றதையும் சொன்னேன். அவள் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"இத்தக் காட்டி எங்கம்மாவக் கூட்டினு வந்து இந்த வூட்ல உக்கார வெச்சா, தெனமும் அவங்க மூஞ்சிய எப்பிடிப் பாப்பீங்க மாமா? அவங்களுக்குத்தான் கண்ணு தெரியாது. உங்களுக்குத் தெரியுமே."

மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, யார் உதவியும் இல்லாமல், மனுவைத் திரும்பப் பெறும் கடிதத்தை அவளே ஆங்கிலத்தில் எழுதினாள். நான்கு வரிகள். ஒரு பிழைகூட இல்லை. அந்தக் கேள்வி மறுபடி கிளம்ப வேண்டாம் என்று நானும் என் மனுவுக்கு அதே போல் ஒன்று எழுதினேன். அடுத்த வியாழக்கிழமை இரண்டையும் அனுப்பினோம். முத்திரைத் தாளை நான் கிழித்தேன். நான்காகக் கிழித்து, அதையும் போதாதென்று எட்டாக்கினேன். அன்று மாலையே அக்காவிடம் சொல்லிவிட்டேன். "சரிடா" என்றாள். மனுக்களைத் திரும்பப் பெற்றதை ஏற்றுக்கொண்ட கடிதங்கள் கார்த்திகையில் வந்தன.

மார்கழியில் அக்காவின் இடது கண் முழுக்க அணைந்தது. பக்கத்து வீட்டு மங்கை காலையும் மாலையும் வந்து வலது கண்ணுக்கு மருந்து விட்டு, சோறு பொங்கி வைத்துவிட்டுப் போகிறாள். வருகிற கோடையில் செல்வி ஆறு வாரம் போய் இருப்பாள். ஆண்டுக்கு ஆறு வாரம்தான் அவளால் முடியும்.

சென்ற வாரம் தை அமாவாசை. செத்துப்போன அப்பாவுக்கு அன்று இலை போட்டுப் படைக்க வேண்டியவன் மகன். நான் இங்கே வந்ததிலிருந்து அக்காதான் அதைச் செய்துவந்தாள். பங்காளிகள் முணுமுணுத்தபோது, "அவன் அங்க ஐஸ்ல நின்னுக்கினு இன்னா செய்வான்? எனக்கும் அப்பன்தான" என்று வாயடைத்திருக்கிறாள். எங்களுக்கு விடிந்தபோது அங்கே சாயங்காலம். கூப்பிட்டேன்.

"படையல் ஆச்சாக்கா?"

"ஆச்சு. மங்க கூட இருந்து எடுத்துக் குடுத்தா. உனக்குச் சொல்லணும்னே இருந்தேன். அப்பாவுக்கு இனிமே நீதான் போட்டுக்கணும்டா."

"ஏன், முடியலையா?"

"முடியாம இன்னா? நான் பெரியப்பாவுக்குப் போட்டேன். அந்தாளுக்கும் போட யாருமில்ல பாரு."

"அக்கா, அந்தக் காகிதம் எங்கயும் போகல. கிழிச்சுப் போட்டுட்டேன்னு அன்னைக்கே சொன்னேனே."

"நீ கிழிச்சுட்ட. நான் போட்ட கையெழுத்து போட்டதுதானடா."

கோபமே இல்லாத குரல். சோறு ஆறிடும், செல்விகிட்ட குடு என்றாள். கொடுத்தேன். செல்வி போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். எங்கள் நேரப்படி அமாவாசை முடிய இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. அரிசி இருந்தது. வாழை இலைக்குப் பதில் ஒரு தட்டு வைத்துக்கொள்ளலாம். எதன் முன்னால் வைப்பது என்று வீடு முழுக்கத் தேடினேன். இந்த வீட்டில் அப்பாவின் படம் ஒன்றுகூட இல்லை.